முதுகுவலியும் காப்பிப் பொட்டலமும்



தோட்டத்து வீடுகளில் முதுகுவலியைப் பற்றிய பேச்சு இல்லாத நாள் உண்டா? கேமரன் மலைச் சரிவுகளில் காலை ஊன்றி, குனிந்து கொழுந்து வெட்டுகிறோம். நிறைந்த மூட்டையைச் சுமந்துகொண்டு லாரி நிற்கும் இடத்திற்கு ஏறுகிறோம். முதுகு வலிக்கத்தான் செய்யும். ஆனால், எல்லா முதுகுவலியும் சுமையால் வருவதில்லை. மருந்தினாலும் முதுகு வலிக்கும். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். சற்றுக் கூச்சம் தரும் செய்திதான். ஆயினும் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது.

எங்களுக்குத் தெரிந்த ஒருவரின் கதை இது. கொழுந்து மூட்டை தூக்குபவர். ஐம்பது வயதைக் கடந்தவர். வாரந்தோறும் ஞாயிறு மாலையில் அவருக்கு இடுப்பும் முதுகும் பிடித்துக்கொள்ளும். திங்கட்கிழமை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, பட்டணத்துச் சின்சேயிடம் போய் அக்குபங்சர் ஊசி குத்திக்கொள்வார். செவ்வாயன்று வலி போய்விடும். “ஊசி என்றால் இதுவல்லவா ஊசி!” என்று எல்லாரிடமும் புகழ்வார்.

சில வாரங்கள் சென்றபின் அந்தச் சின்சேயே கேட்டாராம்: “மூட்டை தூக்கும் நாளில் வராத வலி, ஓய்வாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் ஏன் வருகிறது? சனிக்கிழமை என்ன சாப்பிடுகிறாய்?” நம்மவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டார். சொல்ல வெட்கம்.

அவர் மறைத்தது இதுதான். சனிக்கிழமை இரவுகளில், பசார் மாலாமில் வாங்கிய ‘ஆண்களுக்கான’ காப்பிப் பொட்டலம் ஒன்றைக் கலக்கிக் குடித்து வந்தார். தோங்காட் அலி வேர் கலந்த காப்பி, வெறும் மூலிகை, உடம்புக்குத் தெம்பு என்று சொல்லி விற்றார்களாம்.

இத்தகைய காப்பிகள் சிலவற்றில் சில்டெனாஃபில், தடாலாஃபில் என்னும் மருந்துகள் கள்ளத்தனமாகக் கலக்கப்பட்டிருப்பதை நமது சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இவை ஆண்மைக் குறைவுக்கு டாக்டர்கள் கொடுக்கும் மருந்துகள். நல்ல மருந்துகள்தாம்; ஆனால் உடல்நிலையைப் பார்த்து, அளவறிந்து கொடுக்க வேண்டியவை. 1952-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்திற்கு உட்பட்டவை.

தடாலாஃபில் உட்கொண்ட சிலருக்கு முதுகுவலியும் தசைவலியும் வரும். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்திற்குள் தொடங்கி, இரண்டு நாளில் தானாகவே தணிந்துவிடும். சனி இரவு காப்பி, ஞாயிறு மாலை வலி, செவ்வாயன்று சுகம். கணக்குச் சரியாக வருகிறதல்லவா? தானாகப் போகவேண்டிய வலி போயிற்று. பெயர் ஊசிக்குக் கிடைத்தது.

இதனால் அக்குபங்சர் வீண் என்று நாம் சொல்லவில்லை. நாட்பட்ட முதுகுவலியில் சிலருக்கு அது ஆறுதல் தருகிறது. 2007-இல் கெப்பாளா பத்தாஸ் அரசாங்க மருத்துவமனையிலேயே அச்சிகிச்சைக்கு இடம் கொடுத்தார்கள். 2016-இல் பாரம்பரிய மருத்துவத்திற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. போகிறவர்கள் பதிவு பெற்றவரிடம் போக வேண்டும். ஊசி உறையிலிருந்து புதிதாகப் பிரிக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால், வலிக்குக் காரணம் காப்பியில் இருக்கும்போது, காப்பியை விடாமல் ஊசியை மட்டும் குத்தி என்ன பயன்?

கதை இதோடு முடியவில்லை. ஒரு ஞாயிறு காலை அவருக்கு நெஞ்சு அடைத்தது. மகள் அவரைத் தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டு சென்றாள். “வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா, ஐயா?” என்று டாக்டர் கேட்டார். மகள் பக்கத்தில் நிற்கிறாள். “இல்லை டாக்டர்” என்றார். டாக்டர் அனுபவசாலி. “நீ கொஞ்சம் வெளியே இரும்மா” என்று மகளை அனுப்பிவிட்டு, மறுபடியும் கேட்டார். அப்போதுதான் உண்மை வந்தது.

அந்த உண்மை அவர் உயிரைக் காத்தது என்றே சொல்லலாம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் ஜி.டி.என். மாத்திரையும் இரத்தக் குழாய்களைத் தளர்த்துவது. அந்தக் காப்பியில் கலந்த மருந்தும் தளர்த்துவது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தடாலாஃபில் உட்கொண்டால் குறைந்தது இரண்டு நாள் வரை அந்த மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. டாக்டர் வேறு வழியில் சிகிச்சை செய்தார்.

உடல் தேறியபின், காலிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து, “இதிலே என்னதான் எழுதியிருக்கு, வாத்தியாரே?” என்று கேட்டார். படித்துப் பார்த்தோம். காப்பி, சீனி, பால்மா, தோங்காட் அலி. அவ்வளவுதான். கள்ளத்தனமாகக் கலப்பவன் அதை அட்டையில் எழுதுவானா? தம் பெயரைச் சொல்லாமல் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டவரும் அவரே.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண்மைக் குறைவு மானக்கேடு அன்று. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, புகை, மது ஆகியவற்றால் இரத்தக் குழாய்கள் கெடுவதன் அறிகுறியாக அது இருக்கலாம். சிலருக்கு இருதய நோயின் முன்னறிவிப்பாகவும் வரும். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. ஆகவே, பொட்டலம் தேடும் கணவரை ஏளனம் செய்யாமல், இரத்தப் பரிசோதனைக்கு அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள்.

முடிவாகச் சில செய்திகள். மருந்தென்று விற்கும் பொருளில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் உண்டா என்று பாருங்கள். உடனடித் தெம்பு தருவதாகச் சொல்லும் காப்பியை வாங்காதீர்கள். முதுகுவலியோடு கால் மரத்தாலோ, பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சின்சேயோ டாக்டரோ, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அருகில் பிள்ளைகள் இருந்தால், “தனியாகப் பேச வேண்டும்” என்ற ஒரு சொல் போதும்.