முதல் வீடு வாங்குவோருக்கு அரசாங்க உதவி

தோட்டப் பள்ளிக்கூடத்தில் பணிபுரியும் எங்களிடம் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் பெற்றோர் பலர் ஒரே காரணத்தைத்தான் சொல்கிறார்கள். “அப்பாவுக்கு வேலை முடிஞ்சு போச்சு, வீட்டைக் காலி செய்யணும்.” தோட்ட முதலாளி தொழிலாளிக்கு வீடும் தண்ணீரும் மின்சாரமும் தரவேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அது தொழிலாளிக்கு உரிய வீடு. அறுபது வயதில் வேலை நின்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். முப்பது ஆண்டு குடியிருந்த வீட்டின் ஓர் ஆணிகூட நம்முடையது அன்று.

ஆகவே, சொந்த வீடு பற்றிய கணக்கை இன்று சற்றுப் பார்ப்போம். மூன்று இலட்சம் வெள்ளி விலையுள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வங்கி பொதுவாகத் தொண்ணூறு விழுக்காடு கடன் தரும். மீதம் 30,000 வெள்ளியை நாம் கையிலிருந்து கட்டவேண்டும். வீட்டைப் பெயர் மாற்ற முத்திரை வரி 5,000 வெள்ளி. கடன் பத்திரத்திற்கு 1,350 வெள்ளி. வழக்கறிஞர் கட்டணம் தனி. மாதத் தவணையைக் கட்ட முடிந்தவர்கள்கூட இந்த முதல் படியில்தான் தடுக்கி நிற்கிறார்கள்.

அரசாங்கம் பணத்தை எண்ணிக் கையில் கொடுப்பதில்லை. உதவி வேறு வழிகளில் வருகிறது. முதலாவது, நம்முடைய ஊழியர் சேமநிதிப் பணமே. 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிந்துள்ளது. அவற்றுள் செஜாத்ரா கணக்கிலிருந்து (முன்பு இரண்டாம் கணக்கு என்றோமே, அதுதான்) வீடு வாங்கப் பணம் எடுக்கலாம். கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கினால் இருவரும் எடுக்கலாம். விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது உதவி, சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கு. எங்கள் பழைய மாணவர் ஒருவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். “வாத்தியாரையா, பேங்க்ல சம்பளச் சீட்டு கேக்கறாங்க. முதலாளி கையிலே காசாத்தான் கொடுக்கறாரு” என்று ஒருநாள் வந்து நின்றார். இவரைப் போன்றவர்களுக்காகவே 2008ஆம் ஆண்டில் வீட்டுக்கடன் உத்தரவாத நிறுவனம் ஒன்றை அரசாங்கம் அமைத்தது. எஸ்.ஜே.கே.பி. என்று அதைச் சொல்வார்கள். முதல் வீடு வாங்குவோரின் கடனுக்கு, ஐந்து இலட்சம் வெள்ளி வரை, அந்நிறுவனம் வங்கிக்கு உத்தரவாதம் அளிக்கிறது. இது வங்கியின் நட்டத்திற்கான காப்பே தவிர, தவணை கட்டாதவரின் கடனைத் தள்ளுபடி செய்வதன்று. சிலர் அப்படித் தவறாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

விண்ணப்பம் வங்கி வழியேதான் செல்லும். இடையில் நின்று ‘நான் பேசி முடித்துத் தருகிறேன், ஆயிரம் வெள்ளி கொடு’ என்பவரிடம் போகத் தேவையில்லை. ஆனால், வருமானம் வருகிறது என்பதைக் காட்டித்தான் ஆகவேண்டும். கூலியை வாங்கிய கையோடு வங்கிக் கணக்கில் போட்டு, பிறகு செலவுக்கு எடுத்தால் அதுவே சாட்சி. கூட்டுப் பிடித்துச் சேர்த்தேன் என்றால் எடுபடாது. கூட்டையே 1971ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கிறது! மோட்டார் சைக்கிள் கடன் போன்றவற்றில் தவணை தவறியிருந்தாலும் பேங்க் நெகாராவின் கடன் பதிவேட்டில் கடந்த பன்னிரண்டு மாதக் கதை தெரிந்துவிடும்.

மூன்றாவது, மேலே சொன்ன முத்திரை வரி. முதல் வீட்டின் விலை ஐந்து இலட்சம் வெள்ளிக்கு மேற்படாவிட்டால், 2027 டிசம்பர் 31 வரை இவ்வரி முழுவதும் விலக்கு. நம் கணக்கில் 6,350 வெள்ளி மிச்சம். (வீட்டுக்கடன் வட்டிக்கு வருமான வரிக் கழிவும் உண்டு, வருமான வரி கட்டாதவர்க்கு அதனால் பயனில்லை.)

இங்கேதான் நம்மவர் அறியாமல் ஏமாறுகிறார்கள். முதல் வீடு என்றால் இதுவரை எந்தக் குடியிருப்பு வீட்டிலும் பெயர் இருந்திருக்கக் கூடாது. பாதிப் பங்கு இருந்தாலும், தானமாக வந்தாலும், தாத்தாவின் சொத்தாக வந்தாலும் இருந்ததாகவே கொள்ளப்படும். எங்களுக்குத் தெரிந்த தகப்பனார் ஒருவர் 42,000 வெள்ளிக்கு மலிவுவிலை வீடு வாங்கியபோது, பாசத்தால் மூத்த மகளின் பெயரையும் பத்திரத்தில் சேர்த்தார். தொழிற்சாலையில் உழைத்துச் சேமித்த அந்தப் பெண் பின்னாளில் தனக்கென்று வீடு வாங்கப் போனபோது விலக்கும் இல்லை, உத்தரவாதமும் இல்லை. தகப்பனார் மனம் நொந்து போனார். பெயர் சேர்க்கவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளை தன் வீட்டை வாங்கி முடித்த பிறகு சேர்க்கலாமே! தெரிந்தவருக்காகப் பெயரை இரவல் கொடுப்பதோ வேறு கதை; அதைச் செய்யவே கூடாது.

லோரி ஓட்டும் அந்தத் தம்பி சென்ற வாரம் வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஆறு மாதக் கூலி வரிசையாகப் பதிவாகியிருந்தது. அவருடைய தகப்பனாருக்கு வேலை முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் உள்ளன.