டிக்கெட்டுக்குள் இருக்கும் எண்ணெய் விலை

விமான டிக்கெட் எடுக்கும்போது பெரும்பாலும் மொத்தத் தொகையைத்தான் பார்க்கிறோம். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கணக்கு இருக்கும். அடிப்படைக் கட்டணம், விமான நிலையத்துக்கான பயனர் மேம்பாட்டுக் கட்டணம், ஜிஎஸ்டி என்று போகும். எண்ணெய் விலை ஏறும் காலத்தில் எரிபொருள் கட்டணம் என்று ஒன்றும் அந்த வரிசையில் சேர்ந்துகொள்ளும். வரிகளோடு நிற்பதால் அதுவும் அரசாங்கத்துக்குப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். போவதில்லை. அது விமான நிறுவனத்தின் வருமானம்.

2023 அக்டோபர் 6 முதல் இண்டிகோ நிறுவனம் இப்படி ஒரு கட்டணம் வாங்கியது. 500 கிலோமீட்டருக்குள் 300 ரூபாய்; 3,500 கிலோமீட்டரைத் தாண்டினால் 1,000 ரூபாய். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிறவர் 300 ரூபாயும், டெல்லிக்குப் போகிறவர் 650 ரூபாயும் கூடுதலாகக் கொடுத்தார். விமான எரிபொருளின் விலை மாதாமாதம் ஏறியதுதான் காரணம் என்றார்கள். விலை இறங்கியதும் 2024 ஜனவரி 4-ஆம் தேதி அதை நீக்கிவிட்டார்கள். நீக்கியது சரியான காரியம்.

ஆனால், கட்டணம் கூடுதலாக இருந்தபோதே டிக்கெட் எடுத்துவிட்டவர் என்ன செய்வார்? ஜப்பானில் இதற்குத் தெளிவான விதி உண்டு. அங்குள்ள பெரிய நிறுவனங்கள் சிங்கப்பூர் சந்தை விலையை வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அட்டவணையை மாற்றுகின்றன. எண்ணெய் விலை நன்றாகச் சரிந்ததால் 2016 ஏப்ரலில் அந்தக் கட்டணமே சில காலம் இல்லாமல் போனது. டிக்கெட் எடுத்த நாளின் கட்டணம்தான் கணக்கு. பிறகு குறைந்தால் வித்தியாசம் கிடைக்காது. ஏறினால் கேட்கவும் மாட்டார்கள். கணக்கு எல்லோருக்கும் தெரிவதால் இதை நியாயம் என்றே சொல்வேன்.

கணக்கு மூடிய அறைக்குள் போடப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் ஒரு சாட்சி இருக்கிறது. 2004 ஆகஸ்டுக்கும் 2006 ஜனவரிக்கும் இடையில், பிரிட்டிஷ் ஏர்வேஸும் அதன் போட்டியாளரான வர்ஜின் அட்லாண்டிக்கும் எரிபொருள் கட்டணத்தைப் பற்றி ரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டன. நெடுந்தூரம் போய்வரும் டிக்கெட்டில் 5 பவுண்டாக இருந்த அந்தக் கட்டணம் அந்தக் காலத்தில் 60 பவுண்டானது. எண்ணெய் விலை ஏறியது உண்மைதான். ஆனால் போட்டி போட வேண்டியவர்கள் கைகோத்துக்கொண்டால், ஏறியதில் எவ்வளவு எண்ணெய்க்கு, எவ்வளவு லாபத்துக்கு என்று பயணிக்கு எப்படித் தெரியும்? வர்ஜின் தானே முன்வந்து ஒப்புக்கொண்டதால் அபராதத்திலிருந்து தப்பியது. 2007-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு பிரிட்டனில் 12 கோடியே 15 லட்சம் பவுண்டும், அமெரிக்காவில் 30 கோடி டாலரும் அபராதம் விதித்தார்கள். பிரிட்டன் அபராதம் பிற்பாடு 5 கோடியே 85 லட்சமாகக் குறைக்கப்பட்டது. பயணிகள் தொடுத்த வழக்கில் 2008-இல் சமரசம் ஏற்பட்டு, கூடுதல் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. அதுவும் விண்ணப்பித்துக் கேட்டவர்களுக்குத்தான்.

கேட்டால்தான் கிடைக்கும் என்பது நமக்கும் பொருந்தும். நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக்கூடாது. வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தந்தே ஆக வேண்டும். பணம் திரும்பாத சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், விமானத்தைத் தவறவிட்டிருந்தாலும் இதுதான் விதி. அந்தத் தொகையை அடுத்த பயணத்துக்கு வரவு வைத்துக்கொள்வதா, கையில் வாங்குவதா என்று முடிவு செய்ய வேண்டியவர் பயணிதான், நிறுவனம் அல்ல.

டிக்கெட் எடுத்த பிறகு அதன் விலை குறைந்ததாகத் தெரிந்தால் உடனே ரத்து செய்துவிடாதீர்கள். முதலில் ரத்துக் கட்டணத்தைப் பாருங்கள். விலைக் குறைவு அதைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் ரத்து செய்து புது டிக்கெட் எடுங்கள். பயணமே நின்றுபோனால், டிக்கெட்டில் உள்ள பிரிவுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, வரித் தொகையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். சிறு தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். அது உங்கள் பணம்.