சிதற முன்னம் எடுத்த படம்
(சங்கத்தின் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



கை முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பவர் என்ன சொல்லுவார்? "ஆடாமல் இருங்கோ" என்பார். ஒரு மூலக்கூறுக்கு யார் அப்படிச் சொல்லுறது? அது ஆடுவது மட்டுமில்லை, பலத்த கதிர் பட்டால் சிதறியே போய்விடும். படம் பிடிக்கிற வெளிச்சமே ஆளைக் கொல்லுது.

2000ஆம் ஆண்டில் சுவீடனின் உப்சாலாவில் யானோஸ் ஹைடுவின் குழு கணக்குப் போட்டுக் காட்டியது: கதிர்த்துடிப்பு சில பெம்ரோ செக்கனுக்குள் முடிந்தால், மூலக்கூறு சிதற முன்னமே படம் தப்பி வந்துவிடும். ஒரு செக்கனில் பூமியை ஏழு தரம் சுற்றக்கூடிய ஒளி, ஒரு பெம்ரோ செக்கனில் தலைமயிரின் தடிப்பில் நூற்றில் ஒரு பங்கைக்கூடத் தாண்டாது.

இப்படியான துடிப்பைத் தருவதுதான் சுயாதீன இலத்திரன் லேசர். எங்கட ஹம்பேர்க்கிலேயே ஒன்று 2017 முதல் இயங்குது. பாரன்பெல்டில் இருந்து ஷெனபெல்ட் வரை 3.4 கிலோமீற்றர், எல்லாம் நிலத்துக்குக் கீழே.

ஒளிவேகத்தை நெருங்கி ஓடும் இலத்திரன் கூட்டத்தைக் காந்தங்களால் வளைத்து விடுவார்கள். முன்னுக்குப் போறவை சுற்றுப்பாதையால் போக, பின்னுக்கு வாறவை குறுக்கால் வந்து எட்டிப் பிடிக்கும். கூட்டம் நெருங்கிக் கட்டையாகும். கூட்டம் கட்டையானால் கதிர்த்துடிப்பும் கட்டை.

பிறகு வடக்கும் தெற்குமாய் மாறி மாறி அடுக்கிய காந்தங்களுக்கு நடுவால் பாம்பு மாதிரி நெளிஞ்சு ஓடும். நெளியேக்க எக்ஸ்-கதிர் வரும். முதலில் ஒவ்வொன்றும் தன்பாட்டில். ஹம் காமாட்சி அம்பாள் தேரை ஆளாளுக்கு இழுத்தால் நகருமோ? "அரோகரா" என்று ஒன்றாய்ச் சேர்ந்தால்தானே! இங்கே அரோகரா சொல்லுறது அந்தக் கதிரேதான். அது இலத்திரன்களைத் தள்ளி மெல்லிய தட்டுகளாய் வரிசைப்படுத்த, எல்லாம் ஒரே தாளத்தில் கதிர் வீசும். பலம் மடங்கு மடங்காய் ஏறும்.

கலிபோர்னியாவில், ஸ்ரான்போர்டில், 2009இல் இயங்கத் தொடங்கிய லேசரில் ஹம்பேர்க்கின் ஹென்றி சப்மன் குழு இதைச் செய்து 2011இல் வெளியிட்டது. வெயிலைப் பிடிக்கும் ஒரு புரதத்தின் பொடிப் பளிங்குகளை நீர்த்தாரையில் விட்டு 30 இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள். கடைசியில் உதவியவை ஏறத்தாழ 15,000தான். படம் என்றால் முகம் தெரியும் படமில்லை, புள்ளிக்கோலம். கோடு இழுக்கிறது கணினி. ஒவ்வொரு பளிங்கும் ஒருக்கால்தான் படத்துக்கு நின்றது.

பளிங்கு இல்லாமல், ஒற்றைப் புரத மூலக்கூறை அணு அணுவாய்ப் படம் எடுப்பதுதான் 2000இல் கண்ட கனவு. அது இன்னும் கைகூடவில்லை.

ஷெனபெல்டுக்குப் போய்ப் பார்க்க விருப்பமுள்ள பிள்ளைகள் கூட்டம் முடிய என்னட்டைப் பெயர் தாங்கோ.