நாக்கு எங்கே நிற்கிறது?

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

சென்ற வருடம் நடைபெற்ற திருமுறைப் பாராயணப் போட்டியிற் புள்ளியிட அமர்ந்த மூவருள் நாமும் ஒருவர். போட்டி முடிந்தபின் பதினான்கு வயது மதிக்கத்தக்க தம்பி ஒருவர் எம்மிடம் வந்தார். "ஐயா, ழகரம் பிழை என்று ஐந்து புள்ளி குறைத்துவிட்டீர்கள். நாக்கை எங்கே வைத்தால் அது சரியாக வரும்?" என்று கேட்டார். "நன்றாகப் பயில வேண்டும் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். உண்மை யாதெனில், அவருடைய கேள்விக்கு விடை எமக்குத் தெரியாது. அதன் பின்னர் அத்தம்பி சனிக்கிழமை வகுப்புக்கு வரவில்லை.

அந்தக் கேள்வி எம்மை விட்டபாடில்லை. இதே கேள்வியை எடுத்து விடை கண்டவர்கள் எங்கேனும் உண்டோ என்று தேடினோம். உண்டு, அதுவும் அமெரிக்காவில். சிரிக்க வேண்டாம்.

லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில், 1962ஆம் ஆண்டு பீற்றர் லடிபோகெட் என்னும் ஆங்கிலேயப் பேராசிரியர் பேச்சொலி ஆய்வுகூடம் ஒன்றை நிறுவினார். 1964இல் வெளிவந்த 'மை பெயர் லேடி' என்னும் படத்தைப் பார்த்த பெரியோர் இங்கே இருப்பீர்கள். அதில் வரும் பேச்சொலிக் கருவிகளுக்கு ஆலோசனை கூறியவர் இவரே. ஆயினும் அக்கூடத்தின் பெருமை படத்தினால் வந்ததன்று; அங்கே பயின்ற மாணவர்களால் வந்தது. அவர்களும் ஆசிரியர்களும் ஊரூராகச் சென்று பதிந்து வந்த இருநூறுக்கு மேற்பட்ட மொழிகளின் ஒலிகள் அங்கே சேமிக்கப்பட்டிருக்கின்றன.

முதல் மாணவர்களுள் ஒருவர் விக்ரோரியா புரொம்கின் அம்மையார். 1923இற் பிறந்தவர், இல்லறத்தில் இருந்துகொண்டே மீண்டும் படிக்க வந்து, 1965இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். நாற்பதைத் தாண்டிய வயது! இனி என்ன படிப்பு என்று சொல்லும் எமது மன்றத்துப் பெரியோர் சிலரை இங்கு நாம் பார்க்கவில்லை. அவர் செய்தது என்னவெனில், பேசுவோரின் உதட்டருகே மின்முனைகளை ஒட்டித் தசை இயங்கும் அளவைப் பதிந்தார். ஒரே எழுத்தென நாம் கருதும் ஒலிக்கு, அது சொல்லின் முதலில் நிற்கும்போது தசை செய்யும் வேலை வேறு, இறுதியில் நிற்கும்போது செய்யும் வேலை வேறு என்று கண்டார்.

பின்னர் அவர் நாத்தவறுகளைத் திரட்டத் தொடங்கினார். 'கோயில் வாசல்' என்று சொல்லப்போய் 'வோயில் காசல்' என்று வருகிறதே, அவ்வகைத் தவறுகளை ஆங்கிலத்தில் ஆயிரக்கணக்காகக் குறித்து வைத்தார். 1973இல் அவர் பதிப்பித்த நூல் இதைப் பற்றியதே. தவறும் ஒழுங்கின்றி நிகழ்வதில்லை, மனம் பேச்சை எவ்வாறு அடுக்கி வைத்திருக்கிறது என்பதைத் தவறு காட்டிவிடுகிறது என்பது அவர் கொள்கை. பாராயணத்தில் நா பிறழ்ந்தால் நாம் சிரிப்போம். அவரோ குறிப்புப் புத்தகத்தை எடுப்பார்.

நிற்க. எமது ழகரத்துக்கு வருவோம்.

சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்ற ஷ்ரீகாந்த் நாராயணன் என்பவர், அதே சர்வகலாசாலையில் மின்பொறியியல் மாணவராய் இருந்து 1995இற் கலாநிதியானார். மொழியியல் மாணவிகளாய் இருந்து அங்கேயே கலாநிதிப் பட்டம் பெற்ற டானி பேர்ட், அபிகெயில் கோன் ஆகிய இருவரும் அவருடன் சேர்ந்து, தமிழின் ர, ற, ல, ள, ழ என்னும் ஐந்தையும் ஆராய்ந்தனர். 1996இல் லடிபோகெட்டும் உடன்சேர ஒரு கட்டுரையும், 1999இல் விரிவான கட்டுரை ஒன்றும் வெளிவந்தன.

அவர்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். வைத்தியசாலையில் நோயாளரைப் படம் பிடிக்கும் எம். ஆர். ஐ. யந்திரத்துள் தமிழர் ஒருவரைப் படுக்க வைத்து ஒலிக்கச் செய்தனர். அக்காலத்து யந்திரம் விரைந்து படமெடுக்க வல்லதன்று. ஆகவே ஒலியை நீட்டிப் பிடித்திருக்க வேண்டும். நாவின் அசைவைக் காண்பதற்கு, நாவிலே சிறு கம்பிச் சுருள்களை ஒட்டிக் காந்தப் புலத்தினால் அவற்றின் இடத்தை அளந்தனர். அண்ணத்தில் நா எங்கே படுகிறது என்பதையும் தனியே பார்த்தனர்.

கண்டது இதுதான். லகரத்துக்கு நாநுனி மேற்பல்லின் பின்புறத்தே ஒட்டுகிறது. ளகரத்துக்கு நுனி பின்வளைந்து அண்ணத்தில் ஒட்ட, காற்று பக்கங்களால் வெளியேறுகிறது. ழகரத்திலோ நுனி மேலெழுந்து பின்வாங்குகிறது; அண்ணத்தை நெருங்குகிறது; ஆனால் நடுவில் ஒட்டுவதில்லை. நாவின் நடுவே ஒரு குழி விழுகிறது. நுனி மட்டுமன்று, நாவின் உடலும் பின்பகுதியும் சேர்ந்தே அவ்வொலியை ஆக்குகின்றன. தொல்காப்பியர் பிறப்பியலிலே ரகரத்தையும் ழகரத்தையும் நா அண்ணத்தை வருடப் பிறப்பனவாக ஒன்றாய் வைத்தார். அவரிடம் யந்திரம் இருந்ததில்லை. தம்முடைய நாவையே கவனித்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம், கோபிக்க வேண்டாம். ழகரம் உலகில் எமக்கு மட்டுமே உரியது என்று மேடைதோறும் முழங்குகிறோம். மலையாளத்தாரும் அதை ஒலிக்கின்றனர். அமெரிக்கர் சிலர் 'ஆர்' என்னும் எழுத்தை ஒலிப்பதும் அதற்கு மிக நெருங்கியது. எமக்கு வராததை அவர்கள் அறியாமலே ஒலித்துக்கொண்டிருக்கிறார்கள்!

அண்ணத்தைப் பார்க்கும் முறைக்கு யந்திரம் வேண்டியதில்லை. லடிபோகெட் கரித்தூளையும் ஒலிவ எண்ணெயையும் குழைத்து நாவிற் பூசி, ஒரு சொல்லை ஒருமுறை சொல்லச் செய்து, கண்ணாடியை வாயுள் வைத்து அண்ணத்திற் படிந்த கறையைப் படம் பிடிப்பார். நாமும் செய்து பார்த்தோம். மருந்துக் கடையில் வாங்கிய கரித்தூள், வீட்டு நல்லெண்ணெய், முகம் பார்க்கும் சிறு கண்ணாடி. 'பழம்' என்று வழக்கம்போற் சொன்னோம். கண்ணாடியைப் பிடித்தால் நடு அண்ணத்திற் கறுப்பாய் ஒரு கறை! ளகரத்துக்குரிய கறை. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாய்விட்டன என்பதை அறிந்திருந்தோம். எமது வாயிலும் அவ்வாறே என்பதை அறியவில்லை. வாயை அலம்பி, நிதானமாக மீண்டும் சொன்னோம். நான்காம் முறையிலேதான் நடு அண்ணம் வெறுமையாய் இருந்தது.

ஐந்து புள்ளி குறைத்தவர் நாமல்லவா? போன ஞாயிற்றுக்கிழமை அத்தம்பியின் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னோம். முதலில் தலை குனிந்து நின்றார். கறையைப் பற்றிச் சொன்னபோது சிரித்துவிட்டார். "நீங்களுமா ஐயா?" என்றார். தாயார் தேநீர் கொண்டுவந்தார். வகுப்புக்கு வருவதாகத் தம்பி சொல்லவில்லை. கரித்தூள் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டார்.

மண்டபத்தின் பின்னறையில் அக்கரித்தூளையும் எண்ணெயையும் கண்ணாடியையும் வைத்திருக்கிறோம். கொப்பளிக்க வெந்நீரும் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் விரும்பியவர்கள் வரலாம். இவ்வருடப் போட்டிக்குப் புள்ளியிடவிருக்கும் மூவரும் முதலில் வருவார்கள்.