மீனம்பாக்கத்தில் இறங்கிய விமானங்கள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பொன் வெட்டப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். ஆதலின், பொன்னும் போரும் ஒரே ஆண்டில் நம் நாட்டைச் சோதித்த கதையை ஆண்டர்சன்பேட்டையில் பேசுவது பொருந்தும் என எண்ணுகிறோம்.

1990 ஆகஸ்டு 2-ஆம் நாள் ஈராக்கின் படை குவைத்தினுள் புகுந்தது. அங்கே பிழைக்கச் சென்றிருந்த இந்தியர், நம் தமிழர் உள்ளிட்டோர், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர் தாயகம் திரும்பினர். பலர் உடுத்த துணியோடு வந்தனர். அவர்கள் அனுப்பிவந்த பணம் நின்றது. எண்ணெய் விலையோ ஏறியது. 1991 ஜனவரியில் நாட்டின் அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கே போதுமானதாயிருந்தது.

அந்த ஜனவரியில்தான், வளைகுடாப் போர் மூளுமுன், அமெரிக்கப் படையின் போக்குவரத்து விமானங்கள் இங்கு இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்ளச் சந்திரசேகர் அரசு இசைந்தது. பம்பாயிலும் ஆக்ராவிலும் இறங்கின. நம் சென்னையிலும் இறங்கின. அந்நியப் படை இங்கே பாசறை அமைத்தது என்பது மிகை. வந்தன, எண்ணெய் பெற்றன, பறந்தன. ஆயினும் அணிசேராமை பேசிய நாடு, போருக்குச் செல்வோர்க்கு வழித்துணையாயிற்று.

அதே மாதம் பன்னாட்டு நாணய நிதியம் சுமார் 180 கோடி டாலர் கடன் அளித்தது. ஒன்றுக்கு மற்றொன்று விலை என எவரும் எழுதிக் கொடுத்ததில்லை. அடகுக் கடை வாசலில் நின்றறிந்த நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

வெறுங்கையோடு இருந்த அரசைக் குறை கூறுதல் எளிது. நம்மை உறுத்துவது வேறு. நாடாளுமன்றத்தைக் கேட்டு எடுத்த முடிவன்று அது. பத்திரிகைகள் வெளியிட்ட பின்னரே மக்கள் அறிந்தனர். வெளியிலிருந்து ஆட்சியைத் தாங்கிய காங்கிரசின் தலைவர் ராஜீவ் காந்தி எதிர்க்கவே, பிப்ரவரியில் அந்த வசதி நின்றது.

துருக்கியைப் பாருங்கள். 2003-இல் ஈராக்கின்மீது மீண்டும் போர் சூழ்ந்தபோது, 62,000 அமெரிக்க வீரரைத் தம் மண்ணில் ஏற்பதா என்னும் வினா அவர்கள் மன்றத்தின்முன் வைக்கப்பட்டது. அவர்களுக்கும் கடன்சுமை இருந்தது. பெரும்பொருள் தருவதாக வாக்கும் இருந்தது. மார்ச்சு 1-ஆம் நாள் ஆதரவாக 264, எதிராக 250, நடுநிலையாக 19 வாக்குகள். வேண்டிய பெரும்பான்மைக்கு மூன்று குறைந்தது; தீர்மானம் வீழ்ந்தது. அரசு கேட்டது, மன்றம் மறுத்தது. மறுத்திராவிடினும், இன்னார் இசைந்தார் என்று ஊர் அறிந்திருக்கும். அந்த உரிமை 1991-இல் நமக்குக் கிட்டவில்லை.

விமானங்கள் நின்றபின்னும் கருவூலம் நிறையவில்லை. மே மாதம் 20 டன் பொன் வெளிநாடு சென்றது. ஆட்சி மாறியபின், ஜூலையில் ரிசர்வ் வங்கியின் 47 டன் பொன் ஈடாக லண்டனுக்குப் போயிற்று. அந்நிய விமானங்களுக்கு எண்ணெய் வார்த்த அதே பம்பாயிலிருந்து பொன் பெட்டிகள் விமானம் ஏறிய அந்நாட்களிலும், இங்கே நம் தந்தையர் விளக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு சுரங்கத்துள் இறங்கிக்கொண்டுதான் இருந்தனர்.