முப்பது வயதில் செவிலியர் படிப்பு: யாருக்கு எந்த வழி?

(திருக்கோகர்ணத்தில் நடைபெற்ற கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

கோட்டைப்பட்டினம், மீமிசல், அறந்தாங்கி பக்கமிருந்தெல்லாம் வந்திருக்கிறீர்கள். கடையை இழுத்து மூடியவர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பி என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டதால் இனி நாமும் படிக்கலாமே என்று நினைக்கும் சகோதரிகள் எல்லாம் இருக்கிறீர்கள். உங்களில் பலர் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த வயதில் நர்ஸிங் படிக்க முடியுமா?"

முடியும். ஆனால் கதவு எப்போதும் திறந்திருக்காது. ஜி.என்.எம். என்னும் டிப்ளமோவுக்கும் பி.எஸ்ஸி. நர்ஸிங்குக்கும் இந்திய நர்ஸிங் கவுன்சில் வைத்துள்ள வயது வரம்பு 17 முதல் 35 வரை. முப்பத்துமூன்று வயதுக்காரர், "ரமழான் கழியட்டும், தங்கச்சி கல்யாணம் முடியட்டும்" என்று இரண்டு வருடத்தைத் தள்ளினால் கதை முடிந்தது.

நம் வீட்டுப் பெண் பிரசவத்துக்குப் போனால் என்ன கேட்கிறோம்? பெண் டாக்டர் வேண்டும், பெண் நர்ஸ் வேண்டும் என்கிறோம். நியாயமான கோரிக்கைதான். ஆனால் அந்த நர்ஸை யார் பெற்று, யார் படிக்க வைத்து அனுப்ப வேண்டும்? அடுத்த வீட்டுக்காரரா? கசப்பாக இருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மதீனாவில் பள்ளிவாசலை ஒட்டிக் கூடாரம் அமைத்துக் காயம்பட்டோரைக் கவனித்தவர் ருஃபைதா (ரலி) அவர்கள். அகழ்ப்போரில் காயமடைந்த ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களை அந்தக் கூடாரத்தில்தான் தங்க வைத்தார்கள். இந்த வரலாறு தெரிந்த சமுதாயம், "நர்ஸ் வேலையா?" என்று முகம் சுளிக்கலாமா?

வயதைப் பற்றிக் கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1820இல் பிறந்தவர். குடும்பத்தின் எதிர்ப்பையெல்லாம் தாண்டி ஜெர்மனிக்குப் போய் அவர் பயிற்சி பெற்றது 1851இல். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏன், நம் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்தபோது இந்த ஊரே எதிர்த்தது. 1912இல் டாக்டராகி வெளியே வந்தார்.

இனி வழிகளைப் பார்ப்போம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர், நான்கு ஆண்டு படிக்கக் குடும்பம் தாங்கும் என்றால் பி.எஸ்ஸி. நர்ஸிங் போகலாம். முப்பதை ஒட்டியவருக்கு என் யோசனை ஜி.என்.எம். மூன்றே ஆண்டு. கவுன்சில் விதிப்படி வேறு பிரிவில் படித்தவரும் ஆங்கிலத்துடன் பிளஸ் டூ தேறி 40 விழுக்காடு பெற்றிருந்தால் சேரலாம். பட்டம் வேண்டுமென்றால் பிறகு இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. படித்துக்கொள்ளலாம். சம்பாதித்துக்கொண்டே மேலே போகிற வழி இது. பெண்களுக்கு இரண்டு ஆண்டு ஏ.என்.எம். படிப்பும் உண்டு. அரசு இடங்களுக்கு வயது, பாடப்பிரிவு பற்றித் தனி நிபந்தனைகள் இருக்கலாம். அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை வரி விடாமல் வாசியுங்கள்.

2007இல் நாம் போராடிப் பெற்ற 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு இங்கே கை கொடுக்கும். ஆனால் சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்று தெளிவாக இருக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய சான்றிதழை எடுத்து இன்றைக்கே பாருங்கள்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. "ஆறு மாதத்தில் நர்ஸ்", "ஒரு வருடத்தில் வெளிநாட்டு வேலை" என்று சுவரெல்லாம் ஒட்டுகிறார்களே, அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. 1926ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தமிழ்நாடு நர்ஸ்கள், மிட்வைஃப்கள் கவுன்சிலில் பதிவு எண் இருந்தால்தான் நீங்கள் நர்ஸ். இல்லையேல் உதவியாளர்தான். உதவியாளர் வேலை கேவலமில்லை. உதவியாளர் படிப்பை நர்ஸ் படிப்பென்று சொல்லி, நகையை விற்க வைக்கிறார்களே, அதுதான் கேவலம். தபாலில் படித்தும் நர்ஸ் ஆக முடியாது. வார்டில் நின்றுதான் ஆக வேண்டும். பணம் கட்டுமுன் கல்லூரிக்குக் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஹிஜாபுடன் வார்டுக்கு அனுப்புவார்களா என்பதையும் சேரும்போதே கேட்டுவிடுங்கள். பிறகு போய்ச் சண்டை போடுவதில் பயனில்லை.

வளைகுடாதான் குறி என்கிறவர்களுக்கு: படிப்பு முடித்த மறுநாளே விமானம் ஏற முடியாது. பெரும்பாலும் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். சான்றிதழை நீங்கள் படித்த இடத்துக்கே எழுதிச் சரிபார்ப்பார்கள். அதோடு உரிமத் தேர்வும் உண்டு. முப்பதில் தொடங்கினால் முப்பத்தைந்தில்தான் பயணம். ஏஜெண்டிடம் பணம் கொடுக்குமுன் தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்தில் விசாரியுங்கள்.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. மூன்று ஆண்டு சம்பாத்தியம் இல்லாமல் ஒரு குடும்பத் தலைவர் எப்படிப் படிப்பார்? வட்டிக் கடன் வேண்டாம் என்று மேடையில் நாம் முழங்குகிறோம். வட்டியில்லாமல் கொடுப்பது யார்? ஒவ்வொரு ஜமாஅத்தும் பைத்துல்மாலிலிருந்து ஆண்டுக்கு ஒருவருக்காவது கட்டணத்தை அழகிய கடனாகக் கொடுக்கட்டும். வீட்டுச் சாமான் செலவைக் கடைத்தெருவில் நாலு பேர் பகிர்ந்துகொள்ளட்டும். வேலை கிடைத்ததும் அவர் திருப்பித் தருவார், அடுத்தவர் படிப்பார்.

ஒரு சகோதரர் துண்டுச் சீட்டில் கேட்டிருக்கிறார்: "எனக்கு 38. என் மனைவிக்கு 31, பிளஸ் டூ தேறியவர். நான் என்ன செய்வது?" சகோதரரே, உங்கள் மனைவியைச் சேருங்கள். காலையில் பிள்ளைகளுக்குத் தலை சீவிப் பள்ளிக்கு அனுப்பும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் இஷாவுக்குப் பிறகு கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.