வண்டியும் வாளியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இருப்புப்பாதையே இல்லாத கார் நிக்கோபாரில், இரயில்வே எழுத்தராகிய நமக்குச் சங்கத்தார் தந்துள்ள தலைப்பு, "வண்டியை நாமே கழுவுவதா, கூலி கொடுத்துக் கழுவச் செய்வதா?" என்பதாகும். கேட்டவுடன் சிலர் முகத்தில் புன்னகை தோன்றுவதைக் காண்கிறோம். இது ஒரு பெரிய பொருளா என்று எண்ணுகின்றனர் போலும்.

'கார்' என்றால் மழைமேகம் என்பது பழந்தமிழ். மோட்டார் வண்டி என்பது இன்றைய தமிழ். இத்தீவின் பெயருக்கு இவ்விரண்டும் காரணம் அல்ல. ஆயினும் நம் தலைப்பு இவ்விரண்டையும் சேர்த்தே நிற்கிறது. மேகம் தந்த நீரைத்தான் வண்டிக்கு ஊற்றுகிறோம். ஆகவே, கழுவும் கை யாருடையது என்பதோடு, ஊற்றும் நீர் யாருடையது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

முதற்கண், இங்கே வண்டியைக் கழுவத்தான் வேண்டுமா? ஐயமின்றி வேண்டும். மதுரையிலோ திருச்சியிலோ வண்டியின் மேல் படிவது புழுதி. இங்கே படிவது உப்பு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அலை உடையும்போது எழும் நுண்துளிகளைக் காற்று கொண்டுவந்து இரும்பின்மேல் சேர்க்கிறது. உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஈரமும் உப்பும் கூடிய இடத்தில் துரு விரைந்து பரவும். மேற்புறம் பளபளவென்றிருக்க, அடித்தகடும் சக்கரங்களின் உட்புறமும் கதவின் கீழ்விளிம்பும் அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். கப்பலில் வந்திறங்கிய வண்டிக்கு மாற்று உறுப்புகளும் கடல் கடந்துதான் வரவேண்டும். ஆகவே இங்கே கழுவுதல் அழகுக்காக அன்று, வண்டியின் ஆயுளுக்காக.

இனி, கூலி கொடுப்போர் பக்கத்து நியாயத்தைக் கேட்போம். உழைக்கும் ஒருவர்க்கு அதனால் வருவாய் கிடைக்கிறது. முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும், இரவுப் பணி முடித்துத் திரும்புவோர்க்கும் அது உதவி. மேலும், தொழிலாகச் செய்பவர் கை சிக்கனமான கை. சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடியற்காலையில் வண்டி துடைப்பவர்களைப் பாருங்கள். ஓரிரு வாளி நீரும் ஒரு துணியுமாக வேலையை முடித்துவிடுவார்கள். வண்டிக்கு உரியவரோ, ஞாயிற்றுக்கிழமை குழாயைத் திறந்துவிட்டு நண்பருடன் அரசியல் பேசிக்கொண்டிருப்பார்! ஆதலின், சொந்தக் கை என்பதனாலேயே அது சிறந்த கை ஆகிவிடாது.

சொந்தக் கையின் பக்கத்து நியாயமும் வலியதே. 1904ஆம் ஆண்டில் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு அருகே பீனிக்ஸ் குடியிருப்பை அமைத்தபோது, உடலுழைப்பை அங்கு வாழ்ந்த எல்லோர்க்கும் பொதுவாக்கினார். தன் அழுக்கைத் தானே அகற்றுவதில் இழிவு இல்லை என்பதே அவர் காட்டிய நெறி. அந்நெறி ஒருபுறமிருக்க, நடைமுறைப் பயன் ஒன்றும் உண்டு. துணி பிடித்த கைக்கு, கண்ணுக்குத் தெரியாத துருவும் தட்டுப்படும். வண்ணம் சிறிது உப்பியிருப்பதை விரல் அறிந்துவிடும். எண்ணெய்க் கசிவும் தேய்ந்த டயரும் உரியவர் குனிந்தால் அல்லவோ தெரியும்?

இருபக்கமும் சமமாக நிற்பது போல் தோன்றுகிறது. தராசைச் சாய்ப்பது நீர்.

கார் நிக்கோபார் பெரும்பாலும் சமதளமான பவளப்பாறைத் தீவு. பரப்பு சுமார் 127 சதுர கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் 17,841 பேர். மண்ணுக்குள் இறங்கும் மழைநீர், அங்கே பரவியிருக்கும் கடல்நீரின்மேல் ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. நல்ல நீர் இலேசானது; கடல்நீர் கனமானது. இத்தகைய இடங்களில் நல்ல நீர் கடல்மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நிற்கும் என்பது டச்சுக்காரரான பாடன் கைபனும் ஜெர்மானியரான ஹெர்ஸ்பர்க்கும் தனித்தனியே கண்ட கணக்கு. இக்கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு சாண் குறையுமாயின், காலப்போக்கில் கீழிருந்து உப்பு நாற்பது சாண் ஏறிவரும்! அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு வற்றுவதற்கு முன்பே உப்பாகிவிடும்.

கிணறு உப்பானால் என்ன துயர் என்பதை இத்தீவுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோர ஊர்களை அழித்தது. விமானப்படைத் தளத்தில் நூற்றுக்கு மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தது. உயிர் பிழைத்தோர் குடிக்க நீர் தேடியபோது கிணறுகளில் கடல் புகுந்திருந்தது. அன்று ஒரு குவளை நல்ல நீரின் விலை யாது? அதை எந்த நாணயத்தால் அளப்பது?

இப்பொழுது ஒரு சிறு கணக்குப் போடுவோம். 15 லிட்டர் வாளியை ஒரு நிமிடத்தில் நிரப்பும் குழாயை 20 நிமிடம் திறந்துவிட்டால், செலவாகும் நீர் 300 லிட்டர். வாளியில் எடுத்துக் கழுவினால் நான்கு வாளி போதும். அது 60 லிட்டர். 2018ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் நீர்ப் பஞ்சம் வந்தபோது, ஒருவர்க்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று வரையறுத்தார்கள். நாம் ஒருமுறை குழாயால் கழுவும் நீர், அங்கே ஆறு பேருடைய ஒருநாள் வாழ்வு! அவ்வளவு தொலைவு போவானேன்? 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் வண்டி கழுவுவோர்க்கு 5,000 ரூபாய் தண்டம் என்று அறிவிக்கப்பட்டது. நமது இரயில்வேயிலும் பெட்டி கழுவும் எந்திர நிலையங்களில், கழுவிய நீரையே தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தும் முறை வந்துள்ளது.

ஆகவே நமது முடிபு இது: உடல்நலம் உள்ளவர் தம் வண்டியைத் தாமே கழுவுவதே இத்தீவிற்குப் பொருந்தும், அதுவும் வாளி சுமந்து கழுவுதல் வேண்டும். கூலி கொடுத்துவிட்டால் செலவு முடிந்தது என்று மனம் எண்ணிக்கொள்ளும். கொடுத்த பணம் உழைப்புக்கு உரிய விலை. நீருக்கு உரிய விலை அன்று. நான்காவது வாளியைத் தூக்கும்போது தோள் வலிக்கிறதே, அந்த வலிதான் ஐந்தாவது வாளி தேவையா என்று கேட்கும்.

செய்முறையும் எளிது. வெயிலில் கழுவாமல் நிழலில் கழுவுக. காய்ந்த துணியால் மணலைத் தேய்த்தால் வண்ணம் கீறும்; முதலில் நனைத்து, மேலிருந்து கீழாகத் துடைக்க. அடித்தகட்டிற்கும் சக்கரங்களின் உட்புறத்திற்கும் ஒரு முழு வாளியை ஒதுக்குக. துணி துவைக்கும் சோப்புத்தூள் வேண்டா. அது வண்ணத்தின் மெருகைப் போக்கும். கிணற்றின் அருகே ஒருபோதும் கழுவற்க. பவள மண் துளைகள் நிறைந்தது, எண்ணெயும் சோப்பும் அதன்வழி நீரிலேயே சேரும். மழைக்காலத்தில் கூரைநீரைப் பிடித்து வைத்துக்கொள்க. 50 சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர் விழுகிறது. மழை குறைந்த பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் அடிப்புறத்தை மட்டும் கழுவி, மேற்புறத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

இயலாதவர் ஆள் வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. ஆனால் பேசிய கூலியை அன்றன்றே கொடுக்க. வயதில் மூத்தவராயின் 'ஐயா' என்று அழைக்க. வாளிக் கணக்கை நாமே சொல்லிவிடுக; நீர் வீணானால் பழி நம்மைச் சேர்ந்தது, அவரைச் சேர்ந்தது அன்று.

இறுதியாக ஒன்று. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி இத்தீவு நிக்கோபாரியப் பெருமக்களுக்கு உரிய நிலம். நாம் அனுமதிச் சீட்டுடன் வந்த விருந்தினர். பணிக்காலம் முடிந்ததும் கப்பலேறிப் போய்விடுவோம். வண்டியையும் ஏற்றிக்கொண்டு போவோம். நிலத்தடியில் உள்ள நீர் இங்கேயே இருக்கும். அதைப் பருகப் போகிறவர்கள் இம்மண்ணின் குழந்தைகள். விருந்துக்குச் சென்ற வீட்டில் குடத்தைக் கவிழ்த்துவிட்டு வருவது தமிழர் பண்பு அன்று.

நம் வண்டி சற்று மங்கலாக இருந்தாலும் இருக்கட்டும். கிணற்று நீர் தெளிவாக இருக்கட்டும்.